சாமிக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி

ஒரு கையில் கிளிப்பச்சை நிறப் பெட்டி. அதன் மூலையில் கரடிப் பொம்மை ஸ்டிக்கர். மறு கையில் சாக்லேட். முகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது பெரியவர்கள் பூசிக்கொள்ளும் அசட்டுச் சிரிப்பு. இந்தக் கோலத்தில், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் உள் அறை வாசலில் நின்றுகொண்டு, "எங்க, நம்ம குட்டிச் சாமி எங்க?" என்று கொஞ்சலாகக் குரல் கொடுத்தேன்.

அறைக்குள் ஜன்னலோரம், பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலியில், எழுபது வயதுக்குக் குறையாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி பம்பர் போல முகத்தின் அகலத்துக்கு ஓடிய நரைத்த மீசை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கரடியைப் பார்த்தார். சாக்லேட்டைப் பார்த்தார்.

"எனக்குங்களா?" என்றார்.



"சக்கரை இருக்குதுங்களே" என்றார் வருத்தத்தோடு.

தேதி பற்றி ஒரு சமாதானம்

இந்தப் பக்கங்களை வாரந்தோறும் படிப்பவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மீதி நேரத்தில் எங்கள் பங்குக் கோயிலின் வரலாற்றை எழுதி வருகிறேன். பல ஆண்டு உழைப்பில் அடிக்கல் நாட்டு விழா வரைக்கும் வந்திருக்கிறேன். அடிக்கல்லில் ஒரு தேதியும் கோயில் மணியில் அதற்கு முந்தைய தேதியும் வெட்டியிருப்பதால், என் புத்தகத்தில் கோயில் இன்னும் எழும்பவில்லை.

இந்தத் தொடரின் முதல் சில பகுதிகளில் ஆண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் போட்டிருந்தேன். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "சார், நம்ம வாசகர்கள் யாரும் பரீட்சை எழுதப் போறதில்ல" என்றார். அதிலிருந்து அடக்கி வாசிக்கிறேன்.

ஆகவே இப்படிச் சொல்கிறேன். இது சில ஆண்டுகளுக்கு முன்னால், சாம்பல் புதனுக்கும் குருத்தோலை ஞாயிற்றுக்கும் நடுவில் நடந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் ஆத்தூர் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற பருவம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் புளித்த வாடை எங்கள் வீட்டு வரைக்கும் வரும். தவக்காலத்தில் மனிதனுக்குப் பசி எடுக்காமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கம்ப்ரசருக்கு முன்னும் பின்னும்

என்னிடம் படித்த மாணவர்களில் பெரும்பாலோர் சால்டரிங் அயர்னைத் தேர்வு முடிந்த அன்றே கீழே வைத்தவர்கள். குமரேசன் அவர்களில் முதல்வன். படிப்பு முடிந்ததும் ரிக் வண்டியில் ஏறிவிட்டான். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகளில் திருச்செங்கோட்டு ஆட்கள் இந்தியாவின் பாதியைத் துளைத்து முடித்தாயிற்று. மீதியைக் குமரேசன் துளைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவன் வீட்டையும் பார்த்ததில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கூப்பிடுவான்.

அன்று கிறிஸ்துமஸ் இல்லை. ஆனாலும் கூப்பிட்டான்.

"சார், நானுங்க, குமரேசன். ஒடிசாவுல இருக்கறனுங்க."

"தண்ணி வந்துச்சாடா?"

"புகைதானுங்க வருது. சார், ஒரு ஒத்தாசை. ஊட்டுல சாமிக்கு ஒரு கேம் பொட்டி செஞ்சு குடுக்கோணுமுங்க. கையில வெச்சு வெளையாடறது. அந்தக் காலத்துல செங்கல்லு செங்கல்லா மேலருந்து விழுவுமே, அது."

"கடையிலயே கிடைக்குமேப்பா."

"வாங்கிக் குடுத்தனுங்க. பட்டன் எல்லாம் கடுகாட்டம் இருக்குது. சாமி தூக்கி எறிஞ்சிருச்சு."

"அவ்வளவு அடமா?"

"அதயேன் கேக்கறீங்க! சோறு ஊட்டுனாத் துப்புது. முன்னால ரெண்டு பல்லு வேற போயிருச்சு. நடக்கச் சொன்னா அழுவுது. கைக்கு ஏதாச்சும் வேல குடுங்கன்னு டாக்டரு சொல்றாருங்க."

இதற்கெல்லாமா டாக்டர் என்று நினைத்தேன். இந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் ஸ்பெஷலிஸ்டைத் தேடுகிறவர்கள்.

"போன்ல போட்டுக் குடுக்கலாமே?"

"போனைத் தொட்டாப் போதுமில்லீங்க. அது பத்தாது. நல்லா அமுக்கோணும். பெரிய பட்டனா வெச்சுக் குடுங்க சார். என்னன்னா அதுக்கு..."

அந்த இடத்தில் அங்கே கம்ப்ரசரைப் போட்டுவிட்டார்கள். ரிக் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. ஒடிசாவிலிருந்து என்ன கேட்கும்? அவன் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினான். நானும் "சரிப்பா, சரிப்பா" என்று கத்தினேன். வரலாற்று ஆவணங்களில் எப்போதும் முக்கியமான வரியைத்தான் கரையான் தின்றிருக்கும்.

எந்தச் சாமி?

என் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து பாதிப் பேச்சைக் கேட்டிருந்தாள்.

"எந்தச் சாமிக்கு? நம்ம பங்குச் சாமிக்கா? தவக்காலத்துல சாமியாருக்கு கேமா?"

எங்கள் வீட்டில் சாமி என்றால் ஒன்று பீடத்தில் இருப்பவர், இல்லையென்றால் பீடத்துக்கு முன்னால் நின்று பூசை வைப்பவர். நான் அவளை உட்கார வைத்து விளக்கினேன். கொங்குப் பக்கம் குழந்தைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், 'வா சாமி, சாப்பிடு சாமி' என்பார்கள், சொல்லின் வேர் இன்னது, கிளை இன்னது என்று நீளமாகப் பேசினேன். அதில் ஒன்றும் தவறில்லை. வெளியூர்க்காரராக இருந்தால் குமரேசனிடமே "யார் அந்தச் சாமி?" என்று கேட்டிருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குத்தான் வட்டார வழக்கு தெரியுமே. பாதி தெரியும் என்பதுதான் சிக்கல். மறுபாதி, பெரியவர்களையும் அவர்கள் சாமி என்றே கூப்பிடுவார்கள் என்பது. இரண்டு சாமிக்கும் 'அழுவுது', 'துப்புது' என்று ஒரே மாதிரிதான் வினைமுற்று.

என் விளக்கம் ஸ்டெல்லாவின் ஒரு காதில் நுழைந்து, மறு காதுக்குப் போகாமல் வாய் வழியாக வெளியேறிவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமி என்னை நிறுத்தி, "எனக்கு ஏதோ பெட்டி செய்றீங்களாமே, உண்டியலா?" என்று கேட்டார். அவர் முகத்திலிருந்த எதிர்பார்ப்பைப் பார்த்தபோது, ஒரு உண்டியலும் செய்து கொடுத்துவிடலாமா என்றிருந்தது.

ஒரிஜினல் டூப்ளிகேட்

இப்போது வேலைக்கு வருவோம்.

பழைய ஆட்டங்களை ஓட்டும் கைப்பெட்டிக்கு ஐந்து சாமான் வேண்டும். கணக்குப் போடும் ஒரு சிறு பலகை, திரை, பேட்டரி, பட்டன்கள், எல்லாவற்றையும் அடைக்க ஒரு கூடு. இணையத்தில் இதற்கென்றே வெளிநாட்டு இளைஞர்கள் அழகழகாகப் படம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் சாமான்களை அப்படியே வாங்கினால், கடையில் விற்கும் பெட்டியையே ஆளுக்கொன்று வாங்கித் தெருவுக்குக் கொடுக்கலாம். ஆகவே மாற்று.

மாற்று என்றால் என்ன என்பதை எனக்குச் சேலத்துக் கடைக்காரர் ஒருவர் விளக்கினார். நான் கேட்ட சிறு கணினிப் பலகைக்குப் பதிலாக இரண்டு பலகைகளை மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே அச்சு.

"இது ஒரிஜினல் டூப்ளிகேட் சார். அது வெறும் டூப்ளிகேட்."

"ஒரிஜினல் இல்லையா?"

"அதையெல்லாம் யார் சார் கேக்கறா?"

ஒரிஜினல் டூப்ளிகேட்டை வாங்கினேன். மூலப் பிரதி கிடைக்காதபோது நல்ல படியெடுத்த பிரதியை நம்புவது வரலாற்றாசிரியனுக்குப் பழக்கம்தான்.

திரைக்காகச் சங்ககிரி பக்கம் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில், ஓடி முடித்த லாரிகளைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே உண்டு. லாரி பின்னால் போகும்போது டிரைவர் பார்ப்பதற்கென்று முன்னால் ஒரு சின்னத் திரை மாட்டியிருப்பார்கள். உள்ளங்கை அகலம்தான். பழைய டிவி போல ஒற்றைக் கம்பியில் படம் வாங்கிக்கொள்ளும். நம் பலகையும் ஒற்றைக் கம்பியில் படம் கொடுக்கும். இருவருக்கும் பொருத்தம் பார்த்தாயிற்று.

"பஞ்சாப் வரைக்கும் போயிட்டு வந்த டிவிங்க" என்றார் கடைக்காரர் பெருமையாக.

"வண்டி என்ன ஆச்சு?"

"வண்டியக் கேக்காதீங்க. டிவி நல்லா இருக்குது."

வீட்டில் போட்டுப் பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழாக அல்ல, இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் வந்தது. பின்னால் பார்க்கும் கேமராவுக்கென்று செய்த திரை, உலகத்தையே பின்பக்கமாகத்தான் காட்டும் போலிருக்கிறது. உள்ளே ஒரு சிறு கம்பியை இடம் மாற்றிச் சால்டர் வைத்ததும் சரியாயிற்று. திரைக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், பேட்டரியில் அவ்வளவு இல்லை. செத்துப்போன லேப்டாப்பின் பேட்டரியைப் பிரித்து, உயிருள்ள செல்களைப் பொறுக்கி, வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சின்னப் பலகை ஒன்றைக் கோத்தேன். சால்டர் ஈயம் உருகும்போது குங்கிலியம் போல ஒரு புகை எழும். "வீட்டுக்குள்ள என்ன திருவிழாப் பூசையா?" என்று ஸ்டெல்லா ஜன்னல்களைத் திறந்தாள்.

கூடு, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சுவிட்சுப் பெட்டி. பச்சை, லாரி பாடிக்கு அடிக்கும் பெயின்ட். பட்டன்களுக்குத்தான் அலைந்தேன். டிவி ரிமோட்டின் ரப்பரைப் பார்த்தேன், கடுகு. கால்குலேட்டரைப் பார்த்தேன், மிளகு. கடைசியில் ஸ்டெல்லாவின் தையல் டப்பாவிலிருந்து, கோட்டுக்கு வைக்கும் பெரிய சிவப்புப் பட்டன்களை எடுத்து, உள்ளே இருக்கும் குட்டிச் சுவிட்சுகளின் தலையில் ஒட்டினேன். கோட்டுப் பட்டனைச் சுவிட்சுப் பட்டனாக்கியதில் மொழிக்கும் எனக்கும் ஒரு திருப்தி.

செங்கல் விழும் ஆட்டத்துக்கு ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விட்ட பிரதி ஒன்று அகப்பட்டது. ஒரு குறை. எடுத்த பாயின்டை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. சுவிட்சை அணைத்தால் சரித்திரம் அழிந்துவிடும். எனக்கு இது மனசாட்சியை உறுத்தும் விஷயம். ஆனால் ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குச் சரித்திரம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அணைக்கும் சுவிட்சைப் பெட்டியின் வலது விளிம்பில் வைத்தேன். பெட்டியில் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் ஓட்டை இருந்தது.

மூலையில் கரடியை ஒட்டினேன். ஆட்டையாம்பட்டி வழியாகப் பேருந்து. அந்த ஊரில் இறங்காமல் போனாலும் கை முறுக்கு வாங்காமல் போகக் கூடாது. ஜன்னலுக்கே வரும். ஆனால் முன்பல் போன பிள்ளைக்கு முறுக்கு ஆகாது என்று யோசித்து, சேலத்திலேயே சாக்லேட் வாங்கியிருந்தேன். அவ்வளவு நுணுக்கமாகச் சிந்திக்கிறவன் நான்.

மீண்டும் அந்த அறை

குமரேசனின் மனைவி தங்கமணி பின்னாலிருந்து வந்து என் முகத்தையும் மாமனார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கே பாத்திரம் ஒன்று விழுந்தது. சிரிப்பை மறைக்கத் தள்ளிவிட்டாள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பெரியவர் பெயர் நாச்சிமுத்து. நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். பம்பாய்ப் பக்கம் லோடுக்காக நாள் கணக்கில் காத்துக் கிடந்த காலத்தில், அங்கே தெருவில் விற்ற செங்கல் ஆட்டப் பெட்டியை வாங்கி, லாரி செட்டுகளில் யாரும் நெருங்க முடியாத ஆட்டக்காரராக இருந்தவர். பேச்சு கொஞ்சம் இழுத்தது. கிண்டல் இழுக்கவில்லை.

பெட்டியை மடியில் வாங்கித் திரையைத் தட்டினார்.

"இது ரிவர்ஸ் கேமரா டிவி தானுங்க?"

"ஆமாங்கய்யா."

"வண்டிய ரிவர்ஸ் எடுக்கற டிவிய வெச்சு என்னய முன்னுக்குத் தள்ளலாம்னு வந்திருக்கறீங்க."

பிறகு தங்கமணி வெளியே மோர் கொடுத்துக்கொண்டே சொன்னாள். கம்ப்ரசர் விழுங்கிய பகுதி அதுதான். சில மாதங்களுக்கு முன் அவருக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறிவிட்டது. கை தேறவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண், இந்தச் சில மாதங்களுக்குள் விரல்களை எழுப்பினால் உண்டு, இல்லையென்றால் அப்படியே தங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அமுக்குவதற்கு ரப்பர் பந்து கொடுத்தால், "பந்து உருட்ட நா என்ன எல்கேஜியா?" என்று ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறார்.

"அதுகூடப் பரவால்லீங்க சார். சோறுதானுங்க வெசனம். மருமவ ஊட்டுனா மாமாவுக்கு வெக்கமா இருக்குது. நொட்டாங்கையில சாப்புடுங்க மாமான்னா, இத்தன வயசுக்கு மேல அந்தக் கையில திங்கோணுமான்னு தட்டத் தள்ளுது. ரெண்டு வாயி, மூணு வாயி. அவ்வளவுதான். பாருங்க, எப்படி ஆயிருச்சுன்னு. அவரு அங்கருந்து போன் பண்ணறப்பெல்லாம், சாமி தின்னுச்சா, சாமி தின்னுச்சான்னு கேக்கறாருங்க. நா என்னத்தச் சொல்லட்டும்?"

முன்பெல்லாம் அப்பா என்றுதான் குமரேசன் கூப்பிடுவானாம். படுக்கையில் விழுந்த பிறகு, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, 'வாயத் தொறங்க சாமி' என்று கெஞ்சிக் கெஞ்சி, அவர் அந்த வீட்டுக்குச் சாமி ஆகிவிட்டார். ரிக் வேலையை விட்டு வர முடியாமல், விரலுக்கு வேலை கொடுக்கும் பெட்டி ஒன்றை என்னிடம் கேட்டிருக்கிறான்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். எலும்பின் மேல் சட்டை மாட்டியதுபோல் இருந்தார். மீசை மட்டும்தான் பழைய எடையில் இருந்தது.

நொட்டாங்கை

அவர் ஆடத் தொடங்கிவிட்டிருந்தார். இடது கையால்.

பெட்டியை மடியில் படுக்க வைத்து, இடது கட்டைவிரலால் நகர்த்தி, இடது ஆள்காட்டி விரலால் திருப்பி, விழுகிற செங்கல்லை ஒரு மேஸ்திரியின் அலட்சியத்தோடு அடுக்கினார். வலது கை, நாற்காலிக் கைப்பிடியில் துவைத்துப் போட்ட துணியாகக் கிடந்தது. சாப்பிடுவதற்கு இழிவான கை, விளையாடுவதற்குப் போதுமானதாக இருந்தது.

"அய்யா, சோத்தாங்கையில ஆடணும். அதுக்குத்தான் செஞ்சேன்."

"அது லீவுல இருக்குதுங்க" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த வாரமே பெட்டியை வாங்கி வந்து பிரித்தேன். எல்லாப் பட்டனையும் வலது பக்கத்துக்கு மாற்றினேன். இடது பக்கத்தை வழவழவென்று மூடினேன். என் கைவேலையில் அதைவிடச் சிறந்ததைச் சொல்ல முடியாது. கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பெட்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். மடியில் இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தி வைத்தார். இடது கையைக் குறுக்கே நீட்டி ஆடத் தொடங்கினார்.

"ஐடிஐ வாத்தியாருங்களா நீங்க?" என்று கேட்டார்.

"ஆமா."

"எம்பையன அரியர் வெக்க உட்டது நீங்கதானா? என்னய மட்டும் பாஸ் பண்ண வெச்சிருவீங்களாக்கும்!"

நன்றாகத்தான் போயிற்று. அவருக்குப் பொழுது போயிற்று, முகத்தில் வெளிச்சம் வந்தது, அழுவது நின்றது. கரடியைப் பிய்த்துவிடட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும், தொணைக்கு" என்றார். என் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தது. சோற்றுத் தட்டு மட்டும் போனது போலவே திரும்பி வந்தது. இப்போது கூடுதலாக, ஆட்டம் முடியட்டும் என்று அதை ஆறவும் விட்டார்.

பேருந்தில் திரும்பி வரும்போது முதல் முறையாகப் பயந்தேன். ஊட்டவும் விடாமல், இடது கையாலும் தின்னாமல், செங்கல்லை அடுக்கிக்கொண்டே ஒருவர் கரைந்து போகலாம். அதற்கு நான் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வலது விளிம்பு

மூன்றாம் முறை போனபோது என் சட்டைப் பையில் ஒரு சிறு மெமரி கார்டு, அதாவது நினைவு அட்டை, இருந்தது. பெரியவர் என்னிடம் ஒரே ஒரு குறைதான் சொல்லியிருந்தார். "நேத்து எடுத்த பாயின்டு இன்னிக்குக் காணோமுங்க. கரண்டு போன மீட்டராட்டம் மறுக்கா சைபர்ல நிக்குது." நியாயமான புகார். ஒரு சாதனை பதிவாகாமல் போவது எனக்கும் தாங்காது. ஆகவே பாயின்டை நினைவில் வைக்கும்படி திருத்திய ஆட்டத்தை அந்த அட்டையில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். கை வராவிட்டாலும் கணக்காவது நிற்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. நாச்சிமுத்து ஆடிக்கொண்டிருந்தார். அன்று போல் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. செங்கற்கள் வேகம் பிடித்துவிட்டன. இடது கை ஈப்போலப் பறந்தது. ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

தங்கமணி தட்டோடு வந்தாள். ரசம் சாதம், குழையப் பிசைந்தது.

"சாமி, சோறு ஆறுது."

"ம்."

"அப்பறம் ஆடலாமுங்க. வாங்க."

"சித்த இரு கண்ணு."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க. நேத்து ராத்திரியும் இதேதான். தட்டத் தூக்கிட்டு எத்தன தடவ நடக்கறது நானு?"  விளையாட்டுக்கு அல்ல, உண்மையாகவே கோபம். தட்டை ஸ்டூலில் வைத்தாள். "இன்னிக்கு ஆடுன வரைக்கும் போதும்" என்று சொல்லிக்கொண்டே, பெட்டியின் வலது விளிம்பிலிருந்த சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

இடது கையை எடுத்தால் செங்கல் குவிந்து ஆட்டம் போய்விடும். எடுக்காவிட்டால் சுவிட்சு போய்விடும். பெரியவருக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கைப்பிடியில் கிடந்த துணி எழுந்தது. உயர எழவில்லை. அரை ஜாண் கூட இருக்காது. எழுந்து, வந்து, தங்கமணியின் மணிக்கட்டில் விழுந்தது. சத்தம் கேட்டது. வளையல் ஒன்று குலுங்கியது. விழுந்த கை அங்கேயே நின்றது. சுவிட்சின் மேல் இரண்டு விரல்கள் மடங்கி அதை மூடின.

 திரையில் செங்கற்கள் தம்பாட்டுக்கு விழுந்து, உச்சி வரை குவிந்து, ஆட்டம் முடிந்ததற்கான அந்தச் சின்ன இசை ஒலித்தது. நாச்சிமுத்து திரையைப் பார்க்கவில்லை. தன் கையையே, வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கமணி அந்தக் கையை எடுத்துவிடவில்லை. தன் கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, கட்டைவிரலாலேயே அமுக்கிக் காதில் வைத்தாள்.

நான் சட்டைப் பையில் இருந்த நினைவு அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பாயின்டு அழியாமல் நின்றுவிட்டால், இந்தச் சுவிட்சைக் காப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. அட்டையைப் பையிலேயே விட்டுவிட்டேன். சரித்திரம் அழிவதற்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஆதரவு கொடுத்தேன்.

ஒடிசாவில் போனை எடுத்துவிட்டான். அங்கே கம்ப்ரசர் ஓடவில்லை. அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன தங்கம்? சாமி தின்னுச்சா?"

"இல்லீங்க" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "சாமி என்னய அடிச்சிருச்சுங்க."

"அடிச்சுதா? ஏன்? என்ன பண்ணுன நீ?"

"சோத்தாங்கையிலங்க."

போனில் வண்டிகள் போகிற சத்தமும், யாரோ ஹிந்தியில் கூப்பிடுகிற சத்தமும் மட்டும் வந்தன.  பிறகு குமரேசன், சின்னப் பையன் கேட்பதைப் போலக் கேட்டான்:

"பலமா அடிச்சுதா?"